மின்விசிறிக்கு ஒரு துளை

ஏணியை நான் சாத்தியபோதே
செசீல் டீச்சர் சொல்லிவிட்டார்:
சூரியன் மேல் வேண்டாம், குதிரை மேல் வேண்டாம்,
பையன் மேல் கூடவே கூடாது.
பிறகு எங்கேதான் ஃபேன் மாட்டுவது?

காரைக்காலில்
அரசலாற்றை முதுகில் வைத்த வீடு.
கூடத்து மேற்கூரை முழுக்க ஒரு வானம்.
ஈரச் சுண்ணாம்பு காய்வதற்குள்
அன்றன்றைக்கு ஒரு முழம் என்று
மாசிலாமணி ஆசாரி ஏழு மாதம் மல்லாந்து வரைந்தது.

வரையச் சொன்னவர் டீச்சரின் அப்பா, சொல்தா ராயப்பர்.
தொடையில் குண்டோடு பிரான்சு தேசத்தில்
ஆஸ்பத்திரியாகிவிட்ட ஒரு மாளிகையில்
பதினோரு வாரம் கிடந்தார்.
எழ முடியாதவனுக்கு மேற்கூரைதான் ஊர்.
படம் ஒன்றும் கொண்டுவரவில்லை.
அவர் வாயால் சொல்ல
ஆசாரி காதால் வரைந்தார்.

சூரியனுக்கு நாலு குதிரை என்றார் ராயப்பர்.
ஏழு என்றார் ஆசாரி, விடவில்லை.
இப்போது தெரிவது நாலு தலை.
மேகத்துக்குள் எண்ணினால் ஏழு வால்.

இலவங்காய் வெடித்தது போல மேகங்கள்.
இறக்கை வைத்த குண்டுக் குழந்தைகள்,
அதில் ஒன்றுக்கு அரைஞாண் கயிறு.
நடுவில் தேர் கவிழ்கிறது.
அதிலிருந்து ஒருவன்
தலைகீழாக, வாய் திறந்தபடி
என் மூக்குக்கு நேரே வருகிறான்.

"ஃபாயத்தோன்" என்றார் டீச்சர்.
"அப்பன் வண்டியை ஒருநாள் ஓட்டக் கேட்டான்.
எதைக் கேட்டாலும் தருவேன் என்று
முதலிலேயே சத்தியம் செய்திருந்தான் அப்பன்.
பிள்ளைக்கு ஓட்டத் தெரியவில்லை. பூமி பற்றிக்கொண்டது,
ஆறெல்லாம் வற்றிவிட்டது.
பெரிய சாமி இடியால் அடித்து நிறுத்தியது."

ஆறு வற்ற இவ்வளவு எதற்கு டீச்சர்,
மேட்டூரில் கதவைச் சாத்தினால் போதுமே என்றேன்.
கடைமடைச் சிரிப்பு அவருக்கும் வந்தது.

கீழ்மூலையில் அவன் விழப்போகும் ஆறு.
நாணல், படித்துறை, கவிழ்த்துப் போட்ட தோணி:
ஆசாரி பார்த்திருந்த ஒரே ஆறு.
கரையில் அவன் அக்காமார் மூவர்
அழுது அழுது மரமாகிறார்கள்.
கண்ணீர் பிசினாக உறையும் மரம் என்றதும்
ஆசாரி யோசிக்கவே இல்லை, முருங்கை.
விரல்நுனியில் பொடி இலை, இடுப்பில் கம்பளிப்பூச்சி.
நடு முருங்கைக்கு
ஒன்பது வயது செசீலின் மூக்கு.
அசையாமல் நின்றால் ஒரு பிஸ்கோத்து என்றாராம்.

அப்பன் முகம்தான் இல்லை.
சூரியன் அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறான்.
பிடரி, ஒரு காது,
நீட்டிய கை.
தடுக்க நீட்டியதா,
கொடுத்த பிறகு மடக்க மறந்ததா,
ஏணியின் ஒன்பதாம் படியிலிருந்து தெரியவில்லை.

என் தம்பி ஜபருல்லா கேட்டபோது
வாப்பா சத்தியமெல்லாம் செய்யவில்லை.
ஐஸ் பெட்டி ஏற்றிய டாடா ஏஸ்,
விடியக்காலை மூன்று மணி,
பார்த்துப் போ என்று சாவியை எறிந்தார், பிடித்தான்.
நிரவி வளைவில் பனி.
அதற்குப் பிறகு வாப்பா
யாருக்கும் எதையும் எறிந்து தருவதில்லை.
சோப்பைக்கூடக் கையில் வைப்பார்.

இதை டீச்சரிடம் நான் சொல்லவில்லை.
டெஸ்டரின் பிடியால் தட்டித் தட்டி உத்தரம் தேடினேன்.
பொள்ளல், பொள்ளல், பிறகு கெட்டி.
அந்தக் கைக்கும் பையனுக்கும் நடுவில்
வெறும் நீலம்.

"அங்கே ஒன்றும் இல்லையே" என்றார்.
ஒன்றும் இல்லை என்றேன்.

ட்ரில்லிங் மெஷின் அரை நிமிடம்.
இமையெல்லாம் நீலப் பொடி.
உதட்டில் பட்டதை நக்கினேன், உப்பு.
கிளிஞ்சல் சுட்ட சுண்ணாம்பாக இருக்கலாம்.

கொக்கி, தண்டு, மூன்று இறக்கை.
கரண்ட் வந்ததும் ரெகுலேட்டரை ஐந்தில் வைத்தேன்.
சுவரில் காலண்டர் படபடத்தது.
டீச்சர் அண்ணாந்து நின்றார், வெகுநேரம்.
"இரண்டில் வைப்பா.
அவன் கண்ணில் காற்று அடிக்கும்."

காற்று கீழேதான் வரும், மேலே போகாது.
இரண்டில் வைத்தேன்.