இரவல் மூக்கு

வியாழன்தோறும் ஒரு கடை.
நிவேஸ் போட்ட சட்டம்.
என்னைக் கேட்கவில்லை.

த்ரியெஸ்தே துறைமுகத்தில் இருபத்தாறு வருடம்
பச்சைக் காப்பிக்கொட்டைச் சாக்குகளைக்
குத்தூசியால் குத்தி, உள்ளங்கையில் கொட்டி,
முகர்ந்து பார்த்துச் சம்பளம் வாங்கியவள்.
"இது கப்பலில் வெங்காயத்துக்குப் பக்கத்தில்
படுத்து வந்திருக்கிறது" என்பாள்.
வியாபாரி மறுபேச்சில்லாமல் விலையைக் குறைப்பான்.

போன பிப்ரவரியில் ஒரு காய்ச்சல்.
ஒன்பதாம் நாள் எழுந்து
அடுப்பில் பால் தீய்ந்துகொண்டிருக்க
அதன் முன்னாலேயே நின்று
தலை வாரிக்கொண்டிருந்தாளாம்.
கீழ்வீட்டுப் பையன் ஓடிவந்து அணைத்திருக்கிறான்.

அப்புறம்தான் என் கதவைத் தட்டினாள்:
"ஒந்தீனா, உன் மூக்கைக் கொஞ்சம் கொடு."

நானோ செருப்புக்கடையில் நரைத்தவள்.
காப்பியில் மூன்று சர்க்கரை போடுகிறவள்.
அதற்காகவே என்னோடு
பதினோரு வருடம் சண்டை பிடித்தவள் அவள்.

முதல் கடை மீன்சந்தைக்குப் பின்னால்.
இங்கே காப்பி என்று மொட்டையாகக் கேட்டால்
ஊருக்குப் புதிது என்று சிரிப்பார்கள்.
"ரெண்டு கப்போ இன் பி" என்றாள்.
கட்டைவிரல் உயரக் கண்ணாடித் தம்ளர்,
மேலே நகக்கண் அளவு பால்நுரை.
குறிப்பேட்டைத் திறந்தாள்.
"சொல்."

நான் முகர்ந்தேன்.
காப்பி வாசம் என்றேன்.
பேனாவை மூடி வைத்துவிட்டு
கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சரி என்று மறுபடி முகர்ந்தேன்.
"புதுப் பெட்டியைத் திறந்ததும்
உள்ளே சுருட்டிவைத்த தாள் இருக்குமே, அது.
பிறகு கொஞ்சம் பசை.
பிறகு... மழையில் நனைந்து வந்த ஒருத்தர்
காலுறையைக் கழற்றும்போது—"

"நிறுத்தாதே" என்றாள்.
எழுதினாள்.
குடித்துவிட்டுக் கண்ணை மூடி
"நனைந்த காலுறை.
மழைக்காலத்தில் சரியாகக் காயாத கொட்டை.
சரிதான்" என்றாள்.

அப்படியே ஓடியது வசந்தமும் கோடையும்.
மலைமேல் ஸ்லொவேனியக் கிழவர்களின் மதுக்கடை,
நீதிமன்றத்துக்கு எதிரே வக்கீல்கள் நின்றுகொண்டே குடிக்கும் கடை,
நாய்க்கும் தண்ணீர்க் கிண்ணம் வைக்கிற கடை.
எங்களைக் கண்டதும் அங்கே எகோன்
"மூக்கில் வேர்த்துவிட்டதா, இப்போதுதான் வறுத்தது வந்தது" என்பான்.
நிவேஸ் என்னைக் கைகாட்டுவாள்:
"வேர்த்தால் இவளுக்குத்தான்."

என் சொற்கள் தீர்ந்துகொண்டிருந்தன.
குதிகால் ரப்பர், மெழுகு, சருமம்,
அலமாரிக்குப் பின்னால் செத்த எலி.
அதையும் எழுதிக்கொண்டாள்,
தேதி போட்டு.

அக்டோபரில் எனக்குச் சளி.
சொல்லவில்லை.
எப்படிச் சொல்வது,
ஆறு பேருந்து நிறுத்தம் நடந்து
ஏற்கனவே குறிப்பேட்டைத் திறந்துவிட்டாள்.

இரயிலடிக் கடை. நான் தம்ளரை உயர்த்தி
"பாதாம்" என்றேன். "லேசாக ஆரஞ்சுத் தோல்."
பழைய பக்கங்களில் இருந்து திருடியது.

அவள் எழுதவில்லை.
"ஒந்தீனா,
அந்த இயந்திரம் கத்தியது கேட்டதா?
கெட்டிலை நெருப்பில் மறந்துவிட்ட மாதிரி.
தண்ணீர் அளவுக்கு மேல் கொதித்துவிட்டது.
இதில் பாதாமும் இல்லை, ஆரஞ்சும் இல்லை.
கரிதான் இருக்கும்."

நான் தும்மினேன்.
என்னைப் பார்த்தாள்.
என் மூக்கைப் பார்த்தாள்.
சிவந்திருந்தது போலும்.

அப்போது வந்த சிரிப்பு
கடைக்காரன் துணியை நிறுத்தித் திரும்பிப் பார்க்கும் சிரிப்பு.
இரண்டு கிழவிகள், நான்கு துளைகள்,
ஒன்றுகூட வேலை செய்யவில்லை.

அந்தக் கரியை முழுவதும் குடித்தோம்.
சூடு தெரிந்தது. கசப்பு தெரிந்தது.
என் மூன்று சர்க்கரைப் பொட்டலங்களில் ஒன்றை
கேட்காமலே எடுத்துக் கிழித்துத்
தன் தம்ளரில் கொட்டிக்கொண்டாள்.

பதினோரு வருடச் சண்டை.
நான் வாயைத் திறக்கவில்லை.

வெளியே போரா காற்று
குறிப்பேட்டின் பக்கங்களை ஒவ்வொன்றாய்ப் பிரித்தது.
கையால் அழுத்தி மூடினாள்.
"அடுத்த வியாழன் என் முறை" என்றாள்,
"நான் காதால் சொல்கிறேன்,
நீ எழுது."