வாசிப்பு: சுமார்

ஆவணக் காப்பகத்தில் பேனா கூடாது.
ஒரு பென்சிலும் பூதக்கண்ணாடியும் தந்தார்கள்.
முப்பது வருஷம் நார்ஷாப்பிங்கில் டிராம் ஓட்டிய கை
இன்று 1838-இல் நிற்கிறது,
லின்னெரோஸ் சபையின் வீட்டுப் பதிவேட்டில்.

வருஷத்துக்கு ஒருமுறை பாதிரியார் வருவார்.
பண்ணைக்காரர் முதல் பன்றி மேய்ப்பவன் வரை
சமையலறையில் நிறுத்தி
ஞானோபதேசப் புத்தகத்தை நீட்டுவார்.
யார் படித்தார், யார் திக்கினார்,
யாருக்கு அம்மை கண்டது,
எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம்.

ஸ்டினா. தகப்பன் பெயர் பேர்.
ஆகவே இவள் பேரின் மகள்.
பணிப்பெண். அம்மை: வந்து போயிற்று.
வாசிப்பு: சுமார்.

அடுத்த வருஷம் வேறு பண்ணை. சுமார்.
அப்புறம் ஏரிக்கு அந்தப்பக்கம். மோசம்.
விட்டுப்போகும் இடத்திலெல்லாம் பெயர்மேல் ஒரு கோடு.
முதல் கோட்டைப் பார்த்துச் செத்துவிட்டாள் என்றே நினைத்தேன்.
பக்கத்து மேசைக்காரர்
மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சொன்னார்:
"இடம் மாறினாலும் அடிப்பார்கள்."
எட்டு முறை அடித்திருக்கிறார்கள்.

1844 மார்ச்சில் யூனாஸ். என் அப்பாவின் தாத்தா.
தகப்பன் என்ற இடத்தில்
மையை ஒரு இழுப்பு இழுத்து விட்டிருக்கிறார்.
பேரின் மகள் பெற்றவனுக்குப்
பேரில்லாத தகப்பன்.
ஞானஸ்நானச் சாட்சிகளில் ஒருவன் பண்ணையாள் நீல்ஸ்-யூஹான்.
இரண்டு நாள் அவனைத் துரத்தினேன்.
அந்தக் கோடையில் அவன் எங்கோ போனான்,
அல்லது அந்தப் பக்கத்தை எலி தின்றது.
சாட்சிக்கு நின்றான். அதுவரைதான்.

பிறகு 1851. புதுப் பாதிரியார், பொடிக் கையெழுத்து.
குறிப்புக் கட்டத்தின் ஓரத்தில் மூன்றே சொல்:
கண் சரியாகத் தெரியாது.

பதிமூன்று வருஷம்
எட்டுச் சமையலறைகளில்
புகைபோலக் கலைந்த பக்கத்தின் முன் நின்று,
மனப்பாடமாய் வந்ததைச் சொல்லி
வராத இடத்தில் திக்கி
சுமார் வாங்கியிருக்கிறாள்.
அவளாகச் சொல்லவில்லை.
பார்வை மங்கியவளை எந்தப் பண்ணை
மாட்டுக் கொட்டிலுக்குள் விடும்?

ஐம்பத்தொன்பதில் என் ஓட்டுநர் உரிமத்தை வாங்கிக்கொண்டார்கள்.
விழித்திரை, என்றார் மருத்துவர்,
பெரும்பாலும் வழிவழியாய் வருவது.
குடும்பத்தில் வேறு யாருக்காவது?
யாருக்கும் இல்லை என்று
என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன்.

மணி நாலரை. விளக்கை ஒவ்வொன்றாய் அணைக்கிறார்கள்.
நாளைக் காலை மருத்துவமனைக்கு போன் போட வேண்டும்.
அந்தக் கட்டத்தை அடிக்கச் சொல்லி,
மேலே எழுதச் சொல்ல வேண்டும்:
ஸ்டினா, பேரின் மகள்.