அறுநூற்றுப் பதினொன்று

பூப்பந்து ஆடும் கூடத்தின் வெள்ளைக் கோடுகள் மேல்
மேசைகளை இழுத்துப் போட்டிருந்தார்கள்.
கதவு திறக்கும்போதெல்லாம்
பக்கத்து நீச்சல்குளத்துக் குளோரின் வாடை.
என் வலது கட்டைவிரலில் ரப்பர் உறை,
ஆரஞ்சு நிறம், சின்னச் சின்ன முட்கள்.
மணிக்குப் பதினாலு பவுண்டு, ஒரு முட்டை சாண்ட்விச்.
மற்ற நாட்களில் நூலகத்தில்
புத்தகங்களுக்குத் தேதி குத்துகிறேன்,
புதன்கிழமை நீங்கலாக.
புதன்கிழமையைப் போன வருடம்
கவுன்சில் வெட்டிவிட்டது.

மில்பெக் வார்டு. ஒரே இடம்.
ஓட்டுள்ளவர்கள் ஐயாயிரத்துச் சொச்சம்,
வந்தது நாலில் ஒரு பங்கு.
மீதிப் பேருக்கு மழை,
அல்லது கால்பந்து,
அல்லது யார் வந்தால் என்ன.

கிளிஃபர்ட் ஓல்ட்ராய்ட், பத்தொன்பது வருடக் கவுன்சிலர்.
தோட்டக் குப்பைத் தொட்டிக்கு
வருடம் நாற்பத்தைந்து பவுண்டு என்று கை தூக்கியவர்.
அதே கையால்
ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி
ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்று
எங்கள் தெருவிளக்கை எரிய வைத்தவர்.
இரண்டும் நடந்ததுதான்.

ஹெதர் பிக்கர்ஸ்டாஃப், முப்பத்தெட்டாம் நம்பர் பஸ் டிரைவர்.
"பெயருக்கு நில்லுங்கள் போதும்,
ஜெயிக்கவே மாட்டீர்கள், சத்தியம்" என்றுதான்
கட்சிக்காரர்கள் கையெழுத்து வாங்கினார்கள்.
ஐந்து மணிக்கு ஷிப்ட். சீருடையிலேயே வந்திருந்தார்.
மேசைக்கு அந்தப் பக்கம் நின்று
என் விரலையே பார்த்தார்,
சிவப்பு விளக்கைப் பார்ப்பது போல.

ஒரு சீட்டில் காகிதம் கிழியும்படி சிலுவைக்குறி.
ஒன்றில், மன்னிப்புக் கேட்பது போல ஒரு கீறல்.
ஒன்றில் நாய். நன்றாகவே வரைந்திருந்தார்கள்.
ஒன்றில் மூன்று பெயருக்கும் குறுக்கே:
'ரெக்டரி தெருக் குழியை எவரும் மூடவில்லை.'

அறுநூற்றுப் பதினொன்று அவருக்கு.
அறுநூற்றுப் பத்து இவருக்கு.
மிச்சம் ஒரு சீட்டு:
ஹெதரின் கட்டத்துக்குள் வட்ட முகம்,
இரண்டு புள்ளி, ஒரு வளைவு.
தேர்தல் அதிகாரி திருமதி என்ட்விசில்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். எல்லோரும் குனிந்தோம்.
மௌனம் சம்மதமோ என்னவோ,
சிரிப்பு சம்மதம் என்று தீர்ப்பானது.

மறுபடி எண்ணினோம்.
மறுபடியும்.
அறுநூற்றுப் பதினொன்று, அறுநூற்றுப் பதினொன்று.

நான் மில்பெக்கில்தான் குடியிருக்கிறேன்.
வாக்குச்சாவடி எதிர்வீட்டுக்கு அடுத்த தேவாலயக் கூடம்.
காலையில் பால் வாங்கப் போனபோது
அதன் வாசலைத் தாண்டினேன்.
சாயங்காலம் இங்கே கிளம்புமுன்
ஏழு நிமிடம் கையில் இருந்தது.
டீ குடித்தேன்.
இதை அந்த மேசையில் யாரிடம் சொல்ல?
அடுத்தவர் ஓட்டை மூன்று தடவை தொட்ட விரல்
உறைக்குள் வியர்த்தது.

குடம் இல்லை. காலி பிஸ்கட் டப்பா.
இரண்டு வெள்ளை உறைகள்.
திருமதி என்ட்விசில் சுவரைப் பார்த்தபடி கைவிட்டு எடுத்தார்.
பிரித்தார்.
பெயரைக் கேட்டதும் ஹெதர் சொன்ன முதல் வார்த்தை
"ஐயையோ."
இரண்டாவது, "கூட்டம் எந்தக் கிழமை?"

ஓல்ட்ராய்ட் கை குலுக்கினார், விடவில்லை.
"அந்தக் குழி நம் கணக்கில் இல்லை,
சாலையெல்லாம் கவுண்டி கவுன்சில் பொறுப்பு.
பத்தொன்பது வருடம் சொல்லிப் பார்த்தேன்.
நீங்களும் சொல்லிப் பாருங்கள்."
அப்புறம் கோட்டைத் தேடிப் போனார்.
அது அவர் தோளிலேயே கிடந்தது.

விடியற்காலை முதல் பஸ்.
காசை வாங்கி டிக்கெட் தந்தார் கவுன்சிலர்.
நான் ஒருத்திதான் பயணி.
ரெக்டரி தெருவில்
முன்சக்கரம் இறங்கி ஏறியது,
பின்சக்கரம் இறங்கி ஏறியது.
கண்ணாடியில் அவர் கண்கள் ஒரு நொடி
என்னிடம் வந்தன.
மணியை அழுத்தக் கை தூக்கியபோதுதான் பார்த்தேன்,
உறையைக் கழற்றவே இல்லை.