கட்டாய விற்பனைப் பெறுமதி

பதினைந்தடிப் பாதை என்றால் ஒரு விலை.
அதற்குக் கீழே லொறி திரும்பாது,
பேர்ச்சுக்கு முப்பதாயிரம் குறையும்.
நாடாவின் மறு நுனியை நகுலாம்பிகை பிடித்தார்.
பதின்மூன்றடி, எட்டு அங்குலம்.
"பூவரசைத் தறிச்சால் பதினைஞ்சு வரும்."
தறிக்கட்டுமா என்று கேட்கவில்லை.

நிலாவெளி. கடலிலிருந்து நானூறு மீற்றர்.
சுனாமிக்கு முன் கிட்ட இருந்தால் விலை கூட.
பிறகு நாலைந்து வருசம்
தூர இருந்தால்தான் கூட.
இப்போது மறுபடியும் கிட்ட.
காணி ஓரடியும் நகரவில்லை.

கிணற்றுத் தண்ணீரை நாக்கில் வைத்தேன்.
"ஆவணியில உவர்க்கும்," அவரே சொன்னார்.
படகுக்கும் இயந்திரத்துக்கும் கடன் கேட்பவர்
இப்படிச் சொல்லக் கூடாது.
நான் எழுதிக்கொள்ளவில்லை.

உறுதி இருக்கிறது,
தொண்ணூறில் உரப்பையில் சுற்றிக்
காட்டுக்குள் கொண்டுபோன உறுதி.
மடிப்பில் மட்டும் எழுத்து அழிந்துவிட்டது.
அந்த மடிப்பில்தான் கிழக்கு எல்லை.
கிழக்கே முள்ளுக்கம்பி,
கம்பிக்கு அப்பால் ஹோட்டல்காரன்
போன மாதம் முன்பணம் கொடுத்த மணல்.
அதே மணல். அதே எருக்கலை.
அங்கே பேர்ச்சுக்கு இரண்டு மடங்கு.

படிவத்தின் கடைசிக் கட்டத்தில்
விரலை வைத்து வாசித்தார்:
கட்டாய விற்பனைப் பெறுமதி.
"இது என்ன தம்பி?"
"அவசரத்தில் விட்டுப் போக வேண்டி வந்தால்
என்ன கிடைக்கும் என்ற கணக்கு அம்மா."
"அப்ப ஒண்டும் கிடைக்கேல்லையே" என்றார்,
ஆட்டை எல்லைக்கல்லிலிருந்து அவிழ்த்தபடி.

எழுபத்தைந்து வீதம் போடுவது வழக்கம்.
எண்பது போட்டேன்.