விடுபட்டவை

செம்பூர் ஸ்டேஷனுக்கு வெளியே
வடாபாவ் வண்டிக்கு நேர் மேலே, இரண்டாம் மாடியில்
உயர்நிலை ஆங்கில வகுப்பு.
சனிக்கிழமை. ஆறு பேர். ஒரு மின்விசிறி.
மிஸஸ் ரெபெல்லோ பலகையில் எழுதுகிறார்:
ஷீ லவ்ஸ் யூ மோர் தேன் மீ.

இதில் எத்தனை பேர், என்கிறார்.
மூன்று, என்கிறார் கணக்காளர் ஹேமல் பாரேக்,
ஜி.எஸ்.டி. நோட்டீசுக்குப் பதில் சொல்வதுபோல்.
அந்த மீ நேசிக்கிறதா, நேசிக்கப்படுகிறதா?
யாரும் வாய் திறக்கவில்லை.
வினைச்சொல்லை வெட்டி எறிந்தாயிற்று,
ஆள் மட்டும் நிற்கிறது
எந்தப் பக்கம் என்று தெரியாமல்.

மீட்டெடுக்க முடிந்ததை மட்டும் விடுங்கள், என்கிறார்.
அடிக்கோடிடுகிறேன்.
அடுத்த விதியைப் பன்வெல் வண்டி தின்றுவிட்டது.

தமிழில் போட்டுப் பார்க்கிறேன்:
என்னைவிட அவள் உன்னை அதிகம் நேசிக்கிறாள்.
அதே குழப்பம்தான். ஆங்கிலத்தைத் திட்டி என்ன.
இங்கே கூடுதலாக ஓர் இடைவெளி வேறு.
சேர்த்து எழுதினால் ஒப்பீடு;
பிரித்து எழுதினால்,
என்னை விட மேதாவுக்கு மூன்று மாதம் பிடித்தது.

நான்கு வருஷம், திலக் நகரில் ஒரே அறை.
ஒரு குக்கர், இரண்டு சாவி.
அவள் மராத்தி என் வாயில் நிற்காது,
என் தமிழ் அவளுக்கு ரொம்ப வேகம்,
ஆகவே சண்டையும் ஆங்கிலத்தில்,
காலம் தப்பி, வேற்றுமை தப்பி.
ஜூனில் கார்கருக்குப் போய்விட்டாள்.
நேற்று ராத்திரி செய்தி:

ரூம் இஸ் பிக்கர்.
ரென்ட் இஸ் லெஸ்.
ஐ ஸ்லீப் பெட்டர் ஹியர்.

மூன்று வாக்கியம். ஒன்றிலும் தேன் இல்லை.
பிழை என்று சொல்ல வழியில்லை.
இரண்டு பேருக்கும் தெரிந்ததை
எழுதத் தேவையில்லையாம்.
எதைவிடப் பெரிது? மழை ஊறிய இந்தச் சுவரைவிட.
எதைவிடக் குறைவு? அதை நான்தான் கூட்டி எழுதுவேன்
மாதம் ஒன்றாம் தேதி, ஃபிரிட்ஜ் கதவில்.
மூன்றாவதை நிரப்ப அகராதி வேண்டாம்.
ராத்திரி இரண்டு மணிக்கு
சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு
தலையணைக்குள் இருமுவேன்.
அப்படியும் அவள் புரண்டு படுப்பாள்.

வீட்டுப்பாடம், பயிற்சி ஏழு:
விடுபட்ட சொற்களை எழுதுக.
கீழே இறங்கி, நனைந்த படியில் நின்று
ஒரு கையால் டைப் செய்கிறேன்:
காஃபிங் லெஸ் நவ்.

அனுப்பும்போது ஒருதரம் இருமினேன்.
நீல டிக் வந்துவிட்டது.
வாசித்திருப்பாள், முழுவதையும்.