ம்

தஞ்சாவூர் ஓட்டல் மாடி. ஏசி பதினெட்டில்.
இளம் மயக்கவியல் மருத்துவர்களுக்குத்
தலைமைப் பண்பு பயிற்சி.
பேனரில் ஒரு ‘ப்’ விட்டுப்போயிருந்தது.

காகிதக் கோப்பைகளால் கோபுரம் கட்டச் சொன்னார்கள்.
யார் ஆணையிட்டது, யார் கேட்டது
என்று ஒருத்தர் குறிப்பெடுத்தார்.
ஏழாம் அடுக்கில் சரிந்தது எங்களுடையது.
“பெரிய கோயில் ஊர்ல வந்து இது தேவையா”
என்றான் அதிராம்பட்டினம் ரியாஸ்.

சாப்பாட்டுக்குப் பின் மஞ்சள் சீட்டு:
நீங்கள் தலைமையேற்ற ஒரு தருணம்.

திருத்துறைப்பூண்டி. ஐப்பசி அடைமழை.
ராத்திரி ரெண்டு இருபது.
வேளூர்ப் பெண்ணுக்கு இரண்டாவது சிசேரியன்.
முதுகில் மருந்து போட்டுப் படுக்கவைத்தாயிற்று.
கத்தியைக் கையில் வாங்கிக்கொண்டு
“ஆரம்பிக்கலாமா?” என்றார் டாக்டர் சுகந்தவல்லி.
நான் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம்
அறுவை செய்யத் தொடங்கியவர்.
“ம்” என்றேன்,
எதையும் பார்க்காமல்.

“மேடம், கைப்பிடி தளருது.”

அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்த
வைரக்கண்ணு சொன்னார்,
தினக்கூலி தியேட்டர் உதவியாளர்.
மருந்து மேலே ஏறிவிட்டது.
அவள் உதடு மூச்சு என்றது,
சத்தம் வரவில்லை.

“நிறுத்துங்க.”
அது என் குரல்தானா என்று
இன்றைக்கும் சந்தேகம்.
தோலுக்கு ஒரு விரற்கடை மேலே
கத்தி நின்றது.
குழாய் போட்டு, பிரஷர் ஏற்றி,
என் கை நடுக்கம் நின்றபின்
“இப்ப பண்ணுங்க மேடம்.”

ரெண்டே முக்கால் கிலோ, பையன்.
காலையில் சுகந்தவல்லிக்கு ஒரு பெட்டி ஜாங்கிரி வந்தது.
என்னிடம், “ஊசி போட்டவங்க நீங்கதானே?”
வைரக்கண்ணுவிடம்
ஸ்ட்ரெச்சரைத் தள்ளச் சொன்னார்கள்.

இதில் எந்த இடத்தில் நான் தலைவர்?
சீட்டில் எழுதியது:
‘நெருக்கடியில் குழுவை ஒருங்கிணைத்தேன்.’
கை தட்டினார்கள்.
சான்றிதழில் என் பெயருக்குக் கொம்பு முளைத்திருந்தது.

திரும்பும் பஸ்ஸில் மன்னார்குடி தாண்டியும் தூக்கமில்லை.
இங்கே எல்லாம் கடைமடைக்குக் கடைசியில்தான் வரும்:
தண்ணீர், மருந்துப் பெட்டி,
புத்தியும் போல.

செவ்வாய்க்கிழமை, அடுத்த கேஸ்.
“ஆரம்பிக்கலாமா?”
“இருங்க மேடம்.
வைரக்கண்ணு,
கை எப்படி இருக்கு?”