அழைப்பு நீடிக்கிறது

பால் பெட்டியின் மூடியை நானே திறந்து வைத்துவிட்டேன்.
எரிவாயு அடுப்பின் குமிழ்களைக் கழற்றி
கைப்பையில் போட்டுக்கொண்டேன்.
ஏழு வயதுக்கு இவ்வளவு போதும் என்று
எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்காது.

எதிர்வீட்டு எல்சீராவுக்குப் போன வாரத்திலிருந்து காய்ச்சல்.
பள்ளிக்கூடத்தை மார்ச்சில் பூட்டினார்கள்.
ரயேனின் அப்பா வடக்கே, செப்புச் சுரங்கத்தில்,
அல்லது வேறொருத்தியின் வீட்டில்.
இரண்டுமே இங்கிருந்து மூவாயிரம் கிலோமீட்டர்.

ஆகவே இரவு எட்டு மணிக்குப்
பழைய கைபேசியை அவள் தலையணையோரம் சாய்த்து
புதியதைச் சீருடைப் பையில் இட்டு
ஒன்றிலிருந்து ஒன்றை அழைத்து
துண்டிக்காமல் விட்டேன்.

வலக்காதில் ஐந்தாம் படுக்கையின் இயந்திரம்
மூச்சை அளந்து அளந்து உள்ளே தள்ளுகிறது.
இடக்காதில், முகமூடி நாடாவுக்கு அடியில் ஒரு ஒயர்,
என் மகள் தூங்குகிறாள்,
அளவே இல்லாமல்.

நள்ளிரவில் கனவுக்குள் கணக்குப் போட்டாள்.
பதினாலில் ஒம்பது போனா... என்று நிறுத்தினாள்.
மருந்துக் குப்பியைத் தட்டிக்கொண்டே
ஐந்து என்றேன், சத்தமாக.
மூன்றாம் படுக்கை டோன் ஓஸ்வால்டோ கண் திறந்தார்.
ஐம்பது வருடம் செம்மறிகளுக்கு மயிர் கத்தரித்தவர்.
"எனக்கென்ன ஐந்து?"
"உங்களுக்கில்லை. என் மகளுக்கு."
ஒயரைப் பிடுங்கி அவர் காதருகே பிடித்தேன்.
ஒரு மந்தையையே கேட்பவர்போலக் கேட்டார்.
"மூக்கடைப்பு" என்றார், மூச்சுக்கு நடுவே.
"வெங்காயம் அரிந்து... தலைமாட்டில் வை."

தலைமைச் செவிலி இவோன் கடந்து போனாள்.
வார்டில் கைபேசி கூடாது என்ற தாளை
ஒட்டியவளே அவள்தான்.
திரும்பி வந்து மேசைமேல் ஒரு சார்ஜரை வைத்தாள்.
ஒரு வார்த்தை இல்லை.

நாலு பத்துக்கு டோன் ஓஸ்வால்டோவின் எண்கள் சரிந்தன.
எண்பத்தொன்று. எழுபத்தாறு.
குழாய் இறக்கிக் குப்புறப் புரட்ட வேண்டும்.
ஐந்து பேர் வேண்டும், நாங்கள் நால்வர்.
தலைப்பக்கம் நான்.
மூன்று சொன்னதும், என்றார் டாக்டர்.
ஒன்று
இரண்டு
பைக்குள் ஒரு சின்னச் சத்தம்,
அழைப்பு அறுந்தால் வருகிற சத்தம்
மூன்று.

என் இரு கைகளிலும் ஒரு மனிதரின் தலை இருந்தது.
அதை எங்கே வைப்பது?

நாற்பது நிமிடம்.
தீ, திருடன், குளியலறையின் ஈரத்தரை.
கழற்றி வந்த குமிழ்கள்கூட
கைப்பையிலிருந்து இறங்கி
ஒவ்வொன்றாய் அடுப்புக்கு நடந்துபோயின.

கையுறை உரித்து, கைகழுவி, அழைத்தேன்.
ஏழாவது மணியில் எடுத்தாள்.
"எங்கேம்மா போனே?"
"நான் போகலையே கண்ணு, நீதான்..."
"நான் இங்கேயேதான் இருக்கேன். நீதான் போயிட்டே."
மறுத்துச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.
"பயந்துட்டியா?"
"ஃப்ரிட்ஜ் எத்தனை தடவை முனகுதுன்னு எண்ணிட்டிருந்தேன்.
பதினொண்ணு.
மூக்கு அடைக்குதும்மா."

எட்டரைக்கு வெளியே வந்தேன், இன்னும் இருட்டு.
ஜூனில் புந்தா அரேனாஸுக்குச் சூரியன்
பத்து மணிக்குத்தான் வேலைக்கு வரும்.
நடைபாதைப் பனி கண்ணாடியாய் இறுகிக் கிடக்க
ஓடவும் முடியாமல் நடக்கவும் பொறுக்காமல் வந்தேன்.

மேசைமேல் சாந்தியாகோவிலிருந்து வந்த வீட்டுப்பாடம்:
காலை ஏழு மணிக்குச் சூரியன் எங்கே இருக்கிறது? படம் வரைக.
ரயேன் தாள் முழுக்கக் கறுப்பு தீட்டியிருந்தாள்,
கிரேயான் ஒடிகிற வரை.
மூலையில் மட்டும் ஒரு சின்னப் பச்சைச் சதுரம்.
தலைமாட்டுக் கைபேசியாக இருக்கலாம்.
டீச்சர் தப்புப் போடட்டும்.

குளித்தேன். குமிழ்களை மாட்டினேன்.
ஒரு வெங்காயத்தை நான்காக அரிந்து
தட்டில் வைத்து அவளிடம் கொண்டுபோனேன்.
"யாரும்மா இதைச் சொன்னா?"
"வேலையில ஒருத்தர்."
"அவருக்கு மூக்கு சரியாயிடுச்சா?"

ராத்திரி போய்க் கேட்டுச் சொல்றேன் என்றேன்.
இரண்டு கைபேசிகளையும் சார்ஜில் போட்டேன்.